பதினொரு நாளில் தீர்ந்த ட்யூப்: முகப்பருவுக்கு ரெட்டினாய்டு பூசிய ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சம்பந்தப்பட்டவர் 23 வயதுப் பெண். காரைக்குடியை அடுத்த சிற்றூரில் அப்பா, அம்மா, அப்பத்தாவோடு இருக்கிறார். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதும் வேலை. நாற்காலி வேலைதான். ஆனாலும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போட்ட டைல்ஸை எண்ணிக் குறிக்கக் களத்தில் இறங்க வேண்டும். அதில் தினம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும். போக வர ஸ்கூட்டர். முகத்தை மூடும் பழக்கம் இல்லை.

பரு பதினேழு வயதிலிருந்தே உண்டு. நெற்றியிலும், முடி தொடங்கும் கோட்டை ஒட்டியும் ரவை தூவினாற்போல் அடைப்புப் பருக்கள். கன்னத்தில் மாதத்துக்கு நாலைந்து சிவந்த பருக்கள் வந்துபோகும். அவை அமுங்கிய இடத்தில் கறுப்புக் கறை மாதக்கணக்கில் நின்றுவிடும். பருவைவிட அந்தக் கறைதான் அவருக்குப் பெரிய கவலை. பின்னால் அவர் எடுத்த முடிவுகளை இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

வீட்டு வழக்கம் இது: செவ்வாயும் வெள்ளியும் நல்லெண்ணெய்க் குளியல், மற்ற நாளில் தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்துக்கு உரசிய மஞ்சள், எண்ணெய்க் குளியல் நாளில் பாசிப்பயற்று மாவு தேய்ப்பு. குளிக்க போர்வெல்லின் உப்புத் தண்ணீர், முகத்துக்கும் உடம்புக்கும் ஒரே கட்டிச் சோப்பு. பத்து மணி வெயிலுக்குத் தலை எண்ணெய் நெற்றியில் இறங்கி மயிர்க்கால்களை அடைக்கும். முடிக்கோட்டை ஒட்டியே பரு திரண்டிருந்ததற்கு இது ஒரு காரணம். மற்றவை சாதாரணத் தோலுக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பூசிய தோலில்தான் கணக்கு மாறுகிறது.

## முதல் ட்யூப்

ஆனி மாதத் தொடக்கத்தில் பொதுமருத்துவர் ஒருவர் டிரெட்டினாயின் 0.05 சதவீத கிரீம், 20 கிராம் ட்யூப் ஒன்று எழுதிக்கொடுத்தார். மருந்தில் தவறில்லை. டிரெட்டினாயின் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகாமல் தடுக்கும். பரு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரம் முன்பே உருவாகிவிடும் நுண்ணடைப்பைக் குறிவைக்கும் மருந்து என்பதால், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மாநிறத் தோலில், முதல்முறை பூசுபவருக்கு, 0.025 சதவீதத்தில் தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது.

சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஹெச்.எஸ்.’ என்று இரண்டே எழுத்து. படுக்கப்போகும்போது என்று அர்த்தம். மருந்துக்கடையில் அட்டைப்பெட்டியின் மேல் நீலப் பேனாவால் ‘1–0–1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். காலையும் இரவும் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு விளக்கம் எங்கும் கிடைக்கவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயுமுன், பல்லுக்குப் பேஸ்ட் எடுப்பதுபோல் ஒரு விரல் நீளம் பிதுக்கி முகம் முழுக்கத் தேய்த்திருக்கிறார். ஈரத்தோல் மருந்தை அதிகமாக உள்ளே விடும். காலையில் பூசிய கையோடு களத்து வெயிலிலும் நின்றார். டிரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதையும், ஆகவே காலைப் பூச்சால் கிடைத்த நன்மை சொற்பம். மேல்தோல் மெலிந்த முகத்தில் வெயில் சேர்த்த எரிச்சல்தான் மிச்சம்.

ட்யூப் பதினொரு நாளில் தீர்ந்தது. இந்த நிகழ்வில் ஆகப் பெரிய தடயம் இதுதான். 20 கிராமைப் பதினொன்றால் வகுத்தால் நாளைக்கு 1.8 கிராம். முழு முகத்துக்கு ஓர் இரவுக்குத் தேவை ஏறக்குறைய கால் கிராம். ஏழு மடங்கு போயிருக்கிறது. சரியாகப் பூசினால் அதே ட்யூப் எண்பது இரவு வரும்.

நாலாம் நாள் மூக்கோரம் செதில் எழும்பியது. “தோலு உரிஞ்சாத்தாண்டி மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று உடன் வேலை பார்க்கும் அக்கா சொன்னதை நம்பித் தொடர்ந்தார். லேசான உரிதல் முதல் சில வாரங்களில் எதிர்பார்க்கக்கூடியதுதான், ஆனால் அது மருந்து வேலை செய்வதற்கான அளவுகோல் இல்லை. உரியாத முகத்திலும் பலன் அதே அளவு வரும். ஒன்பதாம் நாள் வாயோரம் வெடித்து, கன்னம் பளபளவென்று சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. அப்பத்தா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசினார். பதினொன்றாம் நாள் மருந்தை விட்டார்கள். ‘டிரெட்டினாயின் இவளுக்கு ஒத்துக்காது, அலர்ஜி’ என்பது வீட்டில் முடிவாயிற்று.

அது அலர்ஜி இல்லை. அதிக அளவால் வந்த எரிச்சல் அழற்சி. அலர்ஜி என்றால் அந்த மருந்தைத் திரும்பத் தொடக் கூடாது. எரிச்சல் என்றால் அளவையும் இடைவெளியையும் மாற்றிப் பார்க்கலாம்.

## இரண்டாவது ட்யூப்

எரிகிறது என்று சொல்லிக் கடையில் கேட்டபோது சீட்டில்லாமல் வேறொரு கிரீம் கிடைத்தது. ஹைட்ரோகுயினோன் (கறையை வெளுக்கும் மருந்து) 2, டிரெட்டினாயின் 0.025, மொமெட்டசோன் (ஸ்டீராய்டு) 0.1 சதவீதம் கலந்தது. இந்த மூவகைக் கலவையின் மூல வடிவம் 1975-இல் மங்குக்காக வெளிவந்தது. சில வாரம் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியது. பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-இல் மத்திய அரசு ‘ஹெச்’ அட்டவணைக்குக் கொண்டுவந்து சீட்டில்லா விற்பனையைத் தடுத்தது. கடைத்தெருவில் ‘சிவப்பழகு கிரீமாக’ இந்தக் கலவையின் ஓட்டம் நின்றபாடில்லை.

இரண்டே நாளில் எரிச்சல் அடங்கியது. பத்து நாளில் கறை மங்கி முகம் வெளுத்தது. பரு வருவதும் குறைந்தது. கவலை கறையைப் பற்றியது என்பதால் இந்த மருந்தை அவர் விடுவார் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆனி முடிவிலிருந்து ஐப்பசி வரை, நாலரை மாதம், தினம் இரவு பூசினார். ‘எனக்கு ஒத்துக்காது’ என்று ஒதுக்கிய அதே டிரெட்டினாயினைப் பாதி வீரியத்தில் நாலரை மாதம் தினமும் பூசிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே பிறகு சொல்லித்தான் தெரிந்தது. எரிச்சலை ஸ்டீராய்டு அமுக்கி மறைத்திருந்தது.

புரட்டாசியில் ஒருமுறை கிரீம் தீர்ந்து நாலு நாள் பூசவில்லை. முகம் தீயாய் எரிந்து, மோவாயில் ஒரே மாதிரியான சிவந்த கொப்புளங்கள் கிளம்பின. திரும்ப வாங்கிப் பூசினார், அடங்கியது. ஐப்பசியில் பூசிக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் வரத் தொடங்கியது. அதன் பிறகே தோல் மருத்துவரிடம் வந்தார்.

## முதல் நாள் கண்டவை

நவம்பர் நடுவில் பரிசோதனை. முதல் பார்வைக்கு முகத்தில் சிவப்பே தெரியவில்லை. காலையில் பூசிய மஞ்சளின் சாயம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. முகத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவி, பஞ்சில் துடைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோதுதான் உண்மை நிலை தெரிந்தது. கன்னம் இரண்டிலும் பரவலான சிவப்பு, அதனூடே நூலிழைபோல் விரிந்த ரத்தக்குழாய்கள். மேலுதட்டிலும் காதோரத்திலும் புதிதாகப் பூனைமுடி. மோவாயில் ஒரே அளவில், ஒரே பருவத்தில் இருந்த கொப்புளங்கள். இவை ஸ்டீராய்டின் கைவேலை. நெற்றியில் பழைய அடைப்புப் பருக்கள் 46. சிவந்த பருக்களும் சீழ்ப்பருக்களும் சேர்த்து 19. நான்கு நிலைப் பகுப்பில் இரண்டாம் நிலை. குழி விழுந்த தழும்பு இல்லை.

ஸ்டீராய்டு பூசிய முகத்தில் படர்தாமரை உருமாறி ஒளிந்திருக்கும் என்பதால் கன்னத்துச் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டது. பூஞ்சை இல்லை. மாதவிடாய் ஒழுங்கு, பூனைமுடி கிரீமுக்குப் பிறகே வந்தது, ஆகவே ஹார்மோன் பரிசோதனைக்குத் தேவை எழவில்லை.

இரண்டு ட்யூப்பையும் பெட்டியோடு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ‘1–0–1’ அப்படித்தான் கண்ணில் பட்டது. வாங்கிய தேதியும் தீர்ந்த தேதியும் கேட்டபிறகுதான் ஏழு மடங்குக் கணக்கு வெளிப்பட்டது. “கொஞ்சமாத்தான் டாக்டர் போட்டேன்” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை. கொஞ்சம் என்பதற்கு அவரிடம் அளவு கிடையாது.

## எதை நிறுத்துவது, எதைப் பொறுப்பது

மூவகைக் கிரீம் அன்றே நிறுத்தப்பட்டது. படிப்படியாகக் குறைப்பதா, உடனே விடுவதா என்பதில் தோல் மருத்துவர்களிடையே இரு வழக்கங்கள் உண்டு. இவர் ட்யூப்பைக் கையில் வைத்திருந்தால் முதல் எரிச்சலிலேயே திரும்பப் பூசிவிடுவார் என்று தோன்றியதால் உடனே விடும் வழி எடுக்கப்பட்டது. இரண்டு மூன்று வாரம் முகம் இப்போதைவிட மோசமாகும் என்று அம்மாவையும் உட்காரவைத்து முன்கூட்டியே சொல்லப்பட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் பத்தாம் நாள் மறுபடி கடைக்குப் போயிருப்பார்கள்.

முதல் நான்கு வாரத்துக்கு ரெட்டினாய்டு எதுவும் இல்லை. பருவுக்கு வந்தவருக்குப் பருமருந்து தராமல் அனுப்புவது வீட்டாருக்கு விளங்கவில்லை. வெடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது என்று சொன்னதும் அப்பத்தாவுக்குப் புரிந்தது. கொடுத்தவை: இரவில் டாக்ரோலிமஸ் (ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியைத் தணிப்பது) 0.03 சதவீதக் களிம்பு மூன்று வாரம், முதல் சில நாள் சுருக்கென்று எரியும் என்ற எச்சரிக்கையோடு. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், நாளைக்கு மூன்று முறை. கட்டிச் சோப்புக்குப் பதில் மென்மையான திரவ க்ளென்சர், இரண்டு வேளை மட்டும். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று, சாப்பிட்டபின் ஒரு தம்ளர் தண்ணீரோடு, விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல்.

ஆன்டிபயாடிக் மாத்திரையோடு பென்சாயில் பெராக்சைடும் சேர்த்துத் தருவதே முறை. பாக்டீரியா மருந்துக்குப் பழகிவிடாமல் அது காக்கும். இங்கே வெடித்திருந்த தோல் அதைத் தாங்காது என்பதால் தள்ளிவைக்கப்பட்டது. தெரிந்தே செய்த விட்டுக்கொடுப்பு இது. அதற்கு ஈடாக மாத்திரைக்கு எட்டு வாரம் என்று அன்றே கெடு வைக்கப்பட்டது.

சன்ஸ்கிரீனை முதலில் மறுத்தார். வெள்ளையாகப் பூத்துப்போய்ப் பட்டறையில் எல்லோரும் கேட்பார்கள் என்றார். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் கொண்ட எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் பரிந்துரைக்கப்பட்டது. புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது ஓரளவு தடுக்கும். மாநிறத் தோலில் கறையை ஆழமாக்குவதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்குண்டு. டைல்ஸுக்குச் சிவப்பும் மஞ்சளும் தருவது இதே இரும்பு ஆக்சைடுதான் என்றதும் சிரித்துவிட்டார், ஒப்புக்கொண்டார். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். களத்தில் இறங்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மறுபூச்சு, அகல விளிம்புத் தொப்பி.

எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னால் கேட்கப்போவதும் இல்லை. எண்ணெய் உச்சந்தலையோடு நிற்க வேண்டும், நெற்றியில் வழிந்ததை உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், பயற்று மாவும் உரசிய மஞ்சளும் முகத்துக்கு வேண்டாம் என்று மட்டும் ஒப்பந்தம்.

எட்டாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாள் வரை, எதிர்பார்த்ததுபோலவே, முகம் வீங்கி எரிந்தது. நான்காம் வார முடிவில் எரிச்சல் நின்று, தண்ணீர் பட்டாலும் கூசாத நிலை வந்தது.

## நான்காம் வாரம்: அடாபலீன்

டிசம்பர் நடுவில் ரெட்டினாய்டு மீண்டும் தொடங்கியது. இம்முறை அடாபலீன் 0.1 சதவீத ஜெல், 15 கிராம். டிரெட்டினாயினைவிட எரிச்சல் குறைவு, வெளிச்சத்திலும் பென்சாயில் பெராக்சைடோடும் சிதையாது. ‘டிரெட்டினாயின்’ என்ற பெயரே அந்த வீட்டில் பயமாகிவிட்டதும் ஒரு காரணம். மருந்தியல் காரணம் இல்லைதான், ஆனால் பூசப்படாத மருந்து எதையும் குணமாக்காது.

அளவைச் சொல்வதில்தான் சிக்கல். ‘பட்டாணி அளவு’ என்பதே வழக்கமான சொல். வீட்டில் செய்து காட்டச் சொன்னபோது அவர் பிதுக்கியது ஊறவைத்த பட்டாணி. காய்ந்த பட்டாணியைவிடப் பருமனில் இரு மடங்கு. இதற்காகப் பட்டாணி கைவிடப்பட்டது. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம். அதில் பாதி நீளம் கால் கிராம். அந்தப் பாதியில் பால்பாயின்ட் பேனாவால் விரலில் ஒரு கோடு போட்டு, அவர் கையாலேயே மூன்று முறை பிதுக்கவைத்துப் பார்க்கப்பட்டது.

பூசும் முறை இப்படி வகுக்கப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குக் க்ளென்சரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, இருபது நிமிடம் முகம் முழுதாய்க் காயவிடுவது. மூக்கோரம், வாயோரம், கண்ணிமை விளிம்பு மூன்றிலும் முதலில் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி ஒரு மெல்லிய கோடு. பிறகு மாய்ஸ்சரைசர். அதன்மேல் நெற்றி, இரு கன்னம், மூக்கு, மோவாய் என ஐந்து பொட்டாக ஜெல்லை வைத்துப் பரப்புவது. பருவின் தலையில் மட்டும் வைப்பதற்கில்லை. இனி வரப்போகும் பருவுக்கான மருந்து இது, ஆகவே பரு வரும் பகுதி முழுவதும் பட வேண்டும். முதல் இரண்டு வாரம் அரை மணி நேரத்தில் கழுவிவிட்டு மறுபடி மாய்ஸ்சரைசர்.

எந்த இரவு? ஞாயிறும் புதனும். செவ்வாய், வெள்ளி காலையில் எண்ணெயும் தேய்ப்பும் இருப்பதால் முந்தின இரவுகளான திங்களும் வியாழனும் நிரந்தரமாக விலக்கப்பட்டன. ‘வாரம் இருமுறை’ என்று சொன்னால் நாள் தவறும். ஞாயிறு, புதன் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டால் தவறுவதில்லை. ஆறாம் வாரத்திலிருந்து கழுவாமல் இரவு முழுவதும் விடுவதும் மூன்றாவது இரவாக வெள்ளியும் சேர்ந்தன.

ஏழாம் வாரம் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், காலையில் பூசி ஐந்து நிமிடத்தில் கழுவுவது. ஒரு நேரத்தில் ஒரு புது மருந்து என்ற வரிசை கடைப்பிடிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கி எரிந்தால் எதை நிறுத்துவது என்று தெரியாமல் போகும். துணியில் பட்டால் சாயம் போகும் என்று எச்சரித்தும் அம்மாவின் அரக்குக் கண்டாங்கியில் இரண்டு வெள்ளைப் பொட்டு விழுந்தது. அதன்பின் வெள்ளைத் துண்டு.

## பரு கூடிய நாட்கள்

ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் புதிதாகப் பதினொரு சீழ்ப்பருக்கள். ‘பழைய கதை திரும்புது’ என்று ஜெல்லை நிறுத்தும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். நேரில் வரச்சொல்லிப் பார்த்ததில், பருக்கள் எல்லாமே முன்பு அடைப்பு இருந்த நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றும் நாலைந்து நாளில் பழுத்து அமுங்கின. வாயோரமும் கழுத்தும் சுத்தம், பரவலான எரிச்சல் இல்லை. உள்ளிருந்த அடைப்புகள் சீக்கிரமாக வெளியேறும் ஆரம்ப நிலை இது. எரிச்சல் அழற்சி என்றால் பருவே வராத இடங்களும் சிவந்து எரிந்திருக்கும். மருந்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ட்யூப்பை அமுக்கிப் பார்த்ததில் பாதிக்கு மேல் மிச்சம். அளவு சரியாகப் போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எட்டாம் வாரம் டாக்சிசைக்ளின் நின்றது.

## பாதயாத்திரை

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் அவரும் போவதாக ஏற்கெனவே வேண்டுதல். பகல் முழுக்க வெயில், வேர்வை, இரவில் ஒழுங்காக முகம் கழுவ வசதியில்லாத தங்கல். கிளம்புவதற்கு மூன்று இரவு முன்பே அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் நிறுத்தப்பட்டன. சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், தொப்பி மட்டும் பையில். வெயிலில் கூச்சம் தரும் டாக்சிசைக்ளினுக்கு வைத்த கெடு இதற்கு முன்பே முடியும்படி இருந்ததும் வசதியாயிற்று. திரும்பி வந்து மூன்று இரவுக் கணக்கிலேயே தொடங்கினார். பன்னிரண்டாம் வாரம் எண்ணிக்கை: அடைப்புப் பரு 22, சிவந்த பரு 7. அதற்குப் பின் வாரம் ஐந்து இரவு.

## மேலுதடு

பதினெட்டாம் வாரம், பங்குனியில் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக அழகு நிலையத்தில் மேலுதட்டுப் பூனைமுடிக்கு வேக்ஸ் போட்டார்கள். பட்டையை இழுத்தபோது முடியோடு தோலும் வந்துவிட்டது. இடது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஈரம் கசியும் புண்.

ரெட்டினாய்டு மேல்தோலின் இறந்த அடுக்கை மெலிதாக்கி, செல்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. வேக்ஸ் பிடித்து இழுப்பதும் அதே அடுக்கைத்தான். வேக்ஸுக்கு ஒரு வாரம் முன்பாவது ரெட்டினாய்டை நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டீராய்டாலும் மெலிந்திருந்த இந்த முகத்துக்கு வேக்ஸே கூடாது. வெயில், எண்ணெய், சோப்பு, தண்ணீர் எல்லாம் கேட்ட இடத்தில் அழகு நிலையத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. முதல் நாள் குறிப்பிலேயே ‘மேலுதட்டில் பூனைமுடி’ என்று எழுதியிருந்தும், இளம்பெண் ஒருவர் அதை என்ன செய்வார் என்று யோசிக்காதது சிகிச்சை தந்த பக்கத்தின் தவறு.

புண்ணுக்கு பெட்ரோலியம் ஜெல்லி தவிர வேறெதுவும் போடவில்லை. முகம் முழுவதற்கும் பத்து நாள் ரெட்டினாய்டு நிறுத்தம். ஆறு நாளில் தோல் மூடியது. பழுப்புக் கறை மூன்று மாதம் நின்றது. எந்தக் கறைக்குப் பயந்து கிரீம் கிரீமாக மாற்றினாரோ அதே கறை, சிகிச்சையின் நடுவே, முகத்தின் முன்பக்கத்தில். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

## கல்யாணம் நிச்சயமான பிறகு

இருபத்து நான்காம் வாரத்தில் அடைப்புப் பரு 9, சிவந்த பரு 3. வைகாசியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆடி கழித்து ஆவணியில் முகூர்த்தம், சிகிச்சைக் கணக்கில் நாற்பதாம் வாரம்.

இங்கே கேள்வி முகத்தைப் பற்றியதாக இல்லை. கல்யாணத்துக்குப் பின் கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் எண்ணம் இல்லை என்று, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்டபோது சொன்னார். மேலே பூசும் ரெட்டினாய்டு ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனாலும் வாய்வழி ரெட்டினாய்டுகள் கருவுக்குச் செய்யும் கேடு உறுதியானது என்பதால், பூசுவனவற்றையும் கர்ப்பகாலத்தில் தவிர்ப்பதே நடைமுறை. தெரியாமல் பூசிவிட்டால் பதற வேண்டியதில்லை, தெரிந்து தொடரத் தேவையும் இல்லை. கர்ப்பத்திலும் பூசக்கூடிய, பருவையும் கறையையும் ஒருசேரக் கவனிக்கும் அசெலாயிக் அமிலம் 15 சதவீத ஜெல் மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

எப்போது மாற்றுவது என்பதில் அவசரம் காட்டவில்லை, கடைசி வாரத்துக்கும் விடவில்லை. முப்பத்து நான்காம் வாரம் காலையில் பென்சாயில் பெராக்சைடை எடுத்துவிட்டு அசெலாயிக் அமிலம். பூசிய பத்து நிமிடம் நமைச்சல் இருந்தது, ஒரு வாரத்தில் பழகியது. முப்பத்தாறாம் வாரம் அடாபலீன் முற்றிலும் நின்றது, அசெலாயிக் இரு வேளையாயிற்று. முகூர்த்தத்துக்கு முந்தின நான்கு வாரம் தோல் தன் தடிமனைத் திரும்பப் பெறக் கிடைத்தது. நலுங்குக்கு மஞ்சள் பூசியபோது எரியவில்லை. ப்ளீச்சும் வேக்ஸும் மறுக்கப்பட்டன; புருவத்துக்கு நூல் மட்டும்.

## ஓராண்டு முடிவில்

ஐம்பத்திரண்டாம் வாரம் கணவரோடு வந்தார். நெற்றியில் அடைப்புப் பரு 6, சிவந்த பரு ஒன்று. கன்னத்துப் பழைய கறை பெரும்பாலும் மறைந்துவிட்டது, உற்றுப் பார்த்தால் இரண்டு இடத்தில் நிழல். மேலுதட்டுக் கறை இல்லை. பூனைமுடி ஏறக்குறைய ஐந்தாம் மாதத்திலேயே உதிர்ந்து மெலிந்திருந்தது. காத்திருந்தால் வேக்ஸுக்கே வேலை இருந்திருக்காது. கன்னத்து ரத்தக்குழாய்க் கோடுகள் மட்டும் மங்கலாக நிற்கின்றன, அவை முழுதாகப் போகும் என்று சொல்வதற்கில்லை. அடாபலீன் முப்பத்திரண்டு வாரத்தில் இரண்டு ட்யூப்புக்குக் கொஞ்சம் மேல் செலவாயிற்று.

## மாற்றிக்கொண்டவை

சீட்டில் இனிச் சுருக்கெழுத்து இல்லை. ‘இரவில் மட்டும். காலையில் பூசக் கூடாது’ என்று தமிழில் முழு வாக்கியம். கடைக்காரர் பேனா எடுப்பதற்கு முன் அந்த வரி அவர் கண்ணில் பட வேண்டும்.

பழைய மருந்துகளைப் பெட்டியோடு கொண்டுவரச் சொல்வதும், வாங்கிய நாளையும் தீர்ந்த நாளையும் கேட்டு வகுத்துப் பார்ப்பதும் முதல் சந்திப்பின் பகுதியாகிவிட்டது. ‘ஒத்துக்கல’ என்று வருபவரிடம் இந்த ஒரு வகுத்தலைச் செய்த பிறகே அலர்ஜி என்ற சொல்லை எழுதுவது. பட்டாணி வாயிலேயே வருவதில்லை. விரலில் கோடு போட்டுத்தான் அனுப்புவது.

மஞ்சள் பூசாமல் வரும்படி நேரம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது. முதல் நாள் எடுத்த புகைப்படம் மஞ்சளோடு எடுக்கப்பட்டதால் ஓராண்டுக்குப் பின் ஒப்பிட அது பயன்படவில்லை.

ரெட்டினாய்டு தொடங்கும் எவரிடமும், ஆணோ பெண்ணோ, வேக்ஸ், ப்ளீச், ஃபேஷியல், சவரம் நான்கையும் பெயர் சொல்லிக் கேட்பது. ‘பியூட்டி பார்லர் போவீங்களா?’ என்று பொதுவாகக் கேட்டால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது இல்லை என்றுதான் பதில் வரும்.